தன் குற்றம் மட்டும்

சேசு மரி சூசை

சூசையபுரம், கம்பம் வழி
12-12-2024

அன்புத் தங்கை சிசிலியாளுக்கு அண்ணன் அமிர்தராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். உன் மதினி மதலேனாளும் எழுந்து நடமாடுகிறாள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் தரையில் முழந்தாளிட்டுக் கிடந்தால் அதுவும் என்னதான் செய்யும்.

திருவருகைக் காலத்தில் உங்கள் அடைப்பு மடத்தில் கடிதம் கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். நீ அந்தச் சுவருக்குள் போய் நாற்பத்தொரு வருடம் ஆகிறது, இதுகூடத் தெரியாமலா இருப்பேன். கிறிஸ்மஸ் அன்று இது உன் கைக்கு வரும். நல்ல நாளில் படிக்கிற செய்தி இல்லை. ஆனாலும் உன்னைவிட்டால் யாரிடம் சொல்வேன்.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு போன். பாங்கின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னான். மரியாதையான பேச்சு. "ஐயா, உங்க உயிர்வாழ் சான்று இன்னும் ஏறல. இன்னைக்குச் சாயங்காலத்தோட பென்ஷன் நின்னுரும்" என்றான். ஏலக்காய்த் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்கெழுதியதற்கு எனக்கு மாதம் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வருகிறதல்லவா, அதற்கு வருடம் ஒருமுறை நான் சாகவில்லை என்று காட்ட வேண்டும். என் பெயர், பென்ஷன் எண், பிறந்த தேதி எல்லாம் அவனே சொன்னான். போனில் வந்த ஆறு இலக்கத்தை மட்டும் நான் சொன்னால் போதும் என்றான். உயிரோடு இருப்பதை நிரூபிக்க மூன்று தடவை சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. ஜீப் பிடித்துக் கம்பம் போனேன். பாங்கில் சொன்னேன். அங்கே கொஞ்சம் நேரமாகிவிட்டது. மூன்று மணிக்குப் பார்த்தபோது கணக்கில் இருநூற்றுப் பதினோரு ரூபாய் இருந்தது.

திராட்சைத் தோட்டத்தை விற்ற பணம், தங்கச்சி. இதுவரை ஆன செலவு போக ஏழு லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. மதலேனாளின் நுரையீரல் கட்டிக்காக விற்றது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி, நடுவில் விடவே கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீட்டு அட்டையில் அந்த ஊசி வராது. இரண்டு போட்டாயிற்று. வீட்டை அடகு வைக்கலாம் என்றால் மனை கோயிலுக்குச் சொந்தம். பிள்ளைகளிடம் கேட்கலாம் என்றால் சர்வேசுரன் எங்களுக்கு அந்தத் தொல்லையைக் கொடுக்கவில்லை.

மதலேனாளிடம் அன்றே சொல்லிவிட்டேன். "விடுங்க. நம்மகிட்ட இருக்குன்னுதான கேட்டிருக்கான். இல்லாதவுககிட்டயா வந்து கேப்பான்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பாங்கில் எழுத்துமூலம் புகார் கேட்கிறார்கள். நம் அப்பா கோயிலில் உபதேசியாராக இருந்து ஊருக்கே மனு எழுதிக் கொடுத்தவர். அவர் மகனுக்குக் கை ஓடவில்லை. எப்படி எழுதட்டும் என்று நீ சொல்லு.

உன் செபத்தில் உன் மதினியை முதலில் வை. எனக்கு மிச்சம் இருந்தால் போதும்.

அண்ணன்
அமிர்தராஜ்

*

சேசுவுக்கே புகழ்

அடைப்பு மடம்
27-12-2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சிசிலியாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். முழங்கால் தன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். மதினி நலமா? அவர் சாப்பிடுகிறாரா என்று தனியாக எழுதுங்கள். 'நடமாடுகிறாள்' என்பது எனக்குப் போதாது.

கிறிஸ்மஸ் விருந்து முடிந்ததும் மதர் கடிதங்களைக் கொடுத்தார்கள். உங்களுடையதைப் படித்துவிட்டுக் கேக்கைத் தொடவில்லை. பதினைந்து நாள் நீங்கள் தனியாக இதைச் சுமந்திருக்கிறீர்கள், நான் இங்கே குடில் ஜோடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புகார் எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். உலக விவகாரம் எனக்கு என்ன தெரியும்? ஆனால் பொய் கலக்காத எழுத்துக்கு ஒரு பலம் உண்டு. முதல் நற்கருணை நன்மை வாங்கும்முன் அப்பா நம்மை உட்கார வைத்து, கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாரே, "உன் குத்தத்த மட்டும் சொல்லு, ஒண்ணையும் மறைக்காத, அடுத்தவன் பேரை இழுக்காத" என்று. அப்படியே எழுதுங்கள் அண்ணா. உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்கிறவரை யாரும் கைவிட மாட்டார்கள்.

மதினிக்காக நாங்கள் பதினேழு பேரும் ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறோம். மூன்றாவது ஊசி என்றைக்கு?

உங்கள் அன்பை மறவாத
சிசிலியாள்

*

சேசு மரி சூசை

சூசையபுரம்
18-1-2025

அன்புத் தங்கைக்கு, நான் சுகம். உன் மதினி இரண்டு இட்லி சாப்பிடுகிறாள், மூன்றாவதை எனக்குத் தள்ளுகிறாள். நீ கேட்டபடி தனியாக எழுதிவிட்டேன்.

மூன்றாவது ஊசி போட்டாயிற்று. என்னோடு தோட்டத்தில் வேலை பார்த்த சுருளிராஜன் மாடு வாங்க வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மதுரைக்குக் கூடப் போனது ஷெரின். உனக்கு நினைவிருக்கும், நம் சித்தப்பா மகன் ஆல்பர்ட்டின் மகள். ஆல்பர்ட் ஜீப் கவிழ்ந்து போனபிறகு நாங்கள்தானே படிக்க வைத்தோம். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவளும் மதலேனாள்தான். இப்போது அந்தப் பாங்கிலேயே ஒப்பந்தத்தில் கவுண்டர் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்ததும் நேரே இங்கேதான் வருகிறாள். பெரியம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். முன்னெல்லாம் வந்தால் வாய் ஓயாது. இப்போது அதிகம் பேசுவதில்லை.

புகார் எழுதிவிட்டேன். மூன்று பக்கம். நீ சொன்னபடி, அப்பா சொன்னபடி. கடைசிப் பத்தியை உனக்காகப் பிரதி எடுத்தேன்: "என் அறியாமையால் நானே என் வாயால் மூன்று முறை இரகசிய எண்ணைச் சொன்னேன். தவறு என்னுடையது. வேறு யார்மீதும் எனக்குக் குற்றச்சாட்டு இல்லை. என் மனைவியின் நோயைக் கருதி ஆவன செய்ய வேண்டுகிறேன்."

மேனேஜர் அம்மா படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இப்படி யாரும் எழுத மாட்டாக ஐயா. எல்லாரும் எங்களத்தான் வைவாக" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஊசி பிப்ரவரி முதல் வாரம். அதற்குள் பணம் வந்துவிடும் என்று நம்புகிறேன். உன் பதினேழு பேருக்கும் என் தோத்திரம் சொல்லு.

அண்ணன்
அமிர்தராஜ்

*

சேசுவுக்கே புகழ்

அடைப்பு மடம்
9-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நான் நலம், இங்கே நல்ல பனி. மதினியின் இட்லிக் கணக்கைப் படித்து எல்லாரும் சிரித்தோம்.

நீங்கள் எழுதிய பத்தியைச் செபக்கூடத்தில் வைத்து வாசித்தேன். அப்பா இருந்திருந்தால் தலையைத் தடவிக் கொடுத்திருப்பார். அண்ணா, உங்கள் எழுத்து வீண் போகாது.

நான்காவது ஊசி போட்டாயிற்றா? எழுதவில்லையே. மார்ச் ஐந்து விபூதிப் புதன். அன்று தவக்காலம் தொடங்கி உயிர்ப்புப் பாஸ்கா வரை கடிதம் மதருடைய மேஜையிலேயே இருக்கும். சாவுச் செய்தி மட்டும்தான் உள்ளே வரும். ஆகையால் அதற்குமுன் ஒரு வரி எழுதுங்கள்.

மதினியின் கையை எனக்காக ஒருமுறை பிடித்துக்கொள்ளுங்கள்.

சிசிலியாள்

*

சேசு மரி சூசை

சூசையபுரம்
1-3-2025

அன்புத் தங்கைக்கு, நான் சுகம். மதலேனாளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று கம்பம் தபாலாபீசுக்கே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

பாங்கிலிருந்து பதில் வந்துவிட்டது. "தாங்கள் தங்கள் மனுவில் ஒப்புக்கொண்டபடி இழப்பு தங்கள் கவனக்குறைவால் நேர்ந்தது. வங்கிக்குப் பொறுப்பில்லை." என் வரியையே எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சுருளிராஜன் மகள் பவானி கம்பத்தில் வக்கீல். அவளிடம் காட்டினேன். படிக்கப் படிக்க அவளுக்குக் கோபம் ஏறியது. "என்ன மாமா இது, புகாரா, பாவமன்னிப்பா? பாங்கு என்ன சாமியாரா, ஒங்கள மன்னிச்சு விட?" என்றாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "நீங்க எத்தன மணிக்கு அங்கன போனீக?"

தங்கச்சி, உனக்கு முதல் கடிதத்தில் 'கொஞ்சம் நேரமாகிவிட்டது' என்று எழுதினேன். அந்த நேரத்தை இப்போது சொல்கிறேன். பன்னிரண்டு பத்துக்கு நான் பாங்குக்குள் இருந்தேன். கவுண்டரில் ஷெரின் இருந்தாள். பாங்கு ஆட்கள் வேறு யாரும் இல்லை, மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார், எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். நான் அவளிடம், "என் கணக்க நிப்பாட்டணும்த்தா" என்றேன். அவளால் நிமிர்ந்துகூடப் பார்க்க முடியவில்லை. "டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க பெரியப்பா, சர்வர் நிக்குது, மேடம் வரட்டும்" என்றாள். உட்கார்ந்தேன். பிள்ளை வேலை பார்க்கிற இடத்தில் போய்ச் சத்தம் போடக் கூடாது என்று உட்கார்ந்தேன். அவள் ஒருமுறை பார்த்தபோது சிரிக்கவும் செய்தேன். இரண்டு மணி நேரம்.

நான் பாங்குக்குள் நுழைந்தபோது போயிருந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மீதி ஆறு லட்சமும் நான் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் போயிருக்கிறது. பவானி சொல்கிறாள், வாடிக்கையாளர் வந்து சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகிற பணம் பாங்கின் தலையில்தான் விழும், அது ரிசர்வ் வங்கி விதி என்று. நான் அங்கே இருந்தது காமிராவில் இருக்குமாம். ஆனால் மூன்று மாதப் படம்தான் வைத்திருப்பார்கள். மார்ச் ஒன்பதோடு அழிந்துவிடும். அதற்குள் நேரத்தையும் நடந்ததையும் எழுதிக் கேட்க வேண்டும்.

எழுதினால் ஷெரின் பெயர் வரும். ஒப்பந்த வேலை, ஒரு தாளில் நிறுத்திவிடுவார்கள். அவள் அம்மாவும் அவள் சம்பளத்தில்தான் இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தினமும் வருகிறாள், கஞ்சி ஆற்றுகிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதை நான் யாரிடம் கேட்பேன்? சாமியாரிடம் கேட்டால் பாடற்குழுவில் பாடுகிற பிள்ளையின் பெயர் ஊருக்குள் வந்துவிடும். மதலேனாளிடம் கேட்கவே முடியாது. பிள்ளை பேரை எழுதாதீக என்று அடுத்த மூச்சில் சொல்லிவிடுவாள். அவளைக் கேட்பது, செத்துப்போகச் சம்மதமா என்று கேட்பதற்குச் சமம். அதனால் உன்னைக் கேட்கிறேன். எழுதட்டுமா? ஒரு அஞ்சலட்டையில் ஒரே வார்த்தை போதும்.

நான்காவது ஊசி போடவில்லை. மாத்திரையில் வைத்திருக்கிறோம். மாடிப்படி இல்லாத வீட்டில் இருக்கிறோமே, அதுவே பாக்கியம் என்கிறாள். கட்டிலிலிருந்து வாசலுக்கு வர இரண்டு இடத்தில் நிற்கிறாள்.

உன் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கும்
அமிர்தராஜ்

*

சேசு மரி சூசை

சூசையபுரம்
10-3-2025

அன்புத் தங்கைக்கு, நான் சுகம். நீ சுகமென்று நம்புகிறேன்.

உன் அட்டை வரவில்லை. நடுவில் ஒரு ஞாயிறு இருந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் கடிதம் விபூதிப் புதனன்று காலைத் தபாலில் வந்திருக்கும். முப்பத்து நான்கு வருடம் கணக்கெழுதியவன் நான்.

உறைமேல் அவசரம் என்று எழுதியிருக்கலாம் என்று மதலேனாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிறது. காசு விஷயத்தை அவசரம் என்று மடத்துக்கு எழுதக் கூசியது.

எட்டாம் தேதி இரண்டாம் சனி, ஒன்பது ஞாயிறு. ஆகவே ஏழாம் தேதி வெள்ளிக்கிழமைதான் கடைசி. நீ சொல்லாவிட்டாலும் நானே முடிவு செய்துவிட்டேன், தங்கச்சி. பவானி எழுதித் தந்த மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாங்குக்குப் போனேன். ஷெரின் கவுண்டரில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "உக்காருங்க பெரியப்பா" என்றாள்.

சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனு இன்னும் பையில் இருக்கிறது. படம் நேற்றோடு அழிந்திருக்கும்.

இதைப் பாஸ்காவுக்குத்தான் படிப்பாய். அதற்குள் என்னைத் திட்ட வேறு யாரும் இல்லை.

அமிர்தராஜ்

*

சேசு மரி சூசை

சூசையபுரம்
29-3-2025

தங்கச்சி,

உன் மதினி சுகமில்லை. இனி அப்படித்தான் எழுத வேண்டும்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். ஊசியை ஒழுங்காகப் போட்டிருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இடையில் யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். தேனி பெரியாஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கலாம் என்றார்கள், வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்றாள்.

ஷெரின் லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறாள். தலை அலசிவிடுகிறாள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறாள். பெற்ற பிள்ளை செய்யாது அப்படி. அவள் செய்யச் செய்ய நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். நேற்று மதலேனாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அந்தப் பாங்குக்காரன் மறுபடி கூப்பிட்டானா? நான் உசுரோட இருக்கேன்னு சொல்லிருங்க" என்றாள். ஷெரின் துணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

செபி. எனக்கு வரவில்லை.

அமிர்தராஜ்

*

சேசு மரி சூசை

சூசையபுரம்
12-4-2025

தங்கச்சி,

எட்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு உன் மதினி இறந்துவிட்டாள். சாமியார் போன் செய்து மதர் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். கடைசிவரை நினைவு இருந்தது. சங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, ஷெரினிடம் சாப்பிட்டியா என்று கேட்டாள்.

கல்லறையில் எல்லாரும் மண் போட்டு முடித்தபிறகு ஷெரின் என் பக்கத்தில் வந்து நின்றாள். "பெரியப்பா, அன்னைக்கு நான்தான..." என்று ஆரம்பித்தாள். நான், "வெளியூர்க்காரக நிக்கிறாக, போய்க் காபி குடுத்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் சொல்லிவிட்டால், நான் அவளை வெறுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

அமிர்தராஜ்

*

சேசு உயிர்த்தார்

அடைப்பு மடம்
21-4-2025

என் அன்பு அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நானும் நலமில்லை.

எட்டாம் தேதி மதர் என்னைக் கூப்பிட்டு மதினி போன செய்தியைச் சொன்னார்கள். நோய் முற்றிவிட்டது, ஆண்டவர் சித்தம் என்று நினைத்து அழுதேன், அதோடு சமாதானமாகவும் இருந்தேன். நேற்று பாஸ்காப் பூசை முடிந்து உங்கள் நான்கு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வரிசையாகப் படித்தேன்.

அண்ணா, மதருடைய மேஜையைத் துடைக்கிற வேலை இந்தத் தவக்காலத்தில் எனக்குத்தான். நாற்பத்தாறு நாள் அந்த மேஜையைத் துடைத்தேன். உங்கள் கேள்வி என் துணிக்குக் கீழே இழுப்பறையில் கிடந்திருக்கிறது.

எழுதுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி இப்போது சொல்வது சுலபம். உண்மையில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதுவும் என்னைக் கொல்கிறது.

ஒன்று மட்டும் தெரிகிறது. பாவசங்கீர்த்தனத்தில் அடுத்தவர் குற்றத்தைச் சொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணம், அங்கே கேட்கிறவர் எல்லாம் அறிந்தவர். நாம் சொல்லாமல் விட்டதும் அவருக்குத் தெரியும். பாங்குக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டாது. நீங்கள் சொன்னதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். நாற்பத்தொரு வருடம் சுவருக்குள் இருந்தவளிடம் போய் நீங்கள் புத்தி கேட்டீர்கள், நானும் பெரிய இவளாக எழுதிவிட்டேன். மதினிக்குப் போட வேண்டிய ஊசியை நிறுத்தியதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. ஷெரினை வெறுக்காதீர்கள். இப்போதாவது எழுதுங்கள், அண்ணா. அவள் பெயரை அல்ல, ஒரு சின்னப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களின் பெயரை எழுதுங்கள்.

அழுதுகொண்டே
சிசிலியாள்

*

சேசுவுக்கே புகழ்

அடைப்பு மடம்
29-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மே மாதம் ஒரு கடிதம் போட்டேன், இம்மாதம் ஒன்று. பதில் இல்லை. உங்கள் உடம்பு எப்படி? யார் சமைக்கிறார்கள்? இரத்த அழுத்த மாத்திரை போடுகிறீர்களா? என்மேல் கோபம் என்றால் கோபமாகவே எழுதுங்கள், உறையைப் பிரித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

சிசிலியாள்

*

சேசு மரி சூசை

சூசையபுரம்
4-10-2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் அமிர்தராஜ் எழுதுவது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், மாத்திரை போடுகிறேன். சமைப்பது ஷெரின். அவளுக்கு இப்போது வேலை இல்லை, அதனால் நேரம் இருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை. கொஞ்ச நாள் இருந்தது, மறைக்கமாட்டேன். பிறகு, கேட்டது நான்தானே, நீ பதில் சொன்னவள்தானே என்று தோன்றியது. அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மதலேனாளின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஷெரின் பவானியிடம் போயிருக்கிறாள். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்றைய டோக்கன் பட்டியலையும் பாங்கிலிருந்து பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு பதிமூன்றுக்கு என் டோக்கன் இருக்கிறது. "அவர் கணக்கை நிறுத்தச் சொன்னார். நான் உட்காரச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறாள். காமிராப் படம் தேவையே படவில்லை. பவானி என் கையெழுத்தையும் வாங்கி ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பினாள். ஜூன் மாதம் பாங்கு ஷெரினை நிறுத்திவிட்டது. உள்விவரத்தை வெளியே கொடுத்தாளாம்.

"ஏன்த்தா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "பெரியம்மாவக் குளிப்பாட்டுறப்பெல்லாம் சொல்லிரணும்னுதான் இருப்பேன் பெரியப்பா. அவுக என் கையப் பிடிச்சு, சாப்பிட்டியான்னு கேப்பாக. வாய் வரல. கல்லறைல சொல்ல வந்தேன், காபி குடுக்கச் சொல்லிட்டீக" என்றாள். இதை மூன்று மாதம் முன்னால் செய்திருந்தால் என்ன என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. அதே வார்த்தைதானே என் சட்டைப் பையிலும் மார்ச் மாதம் முழுக்கக் கிடந்தது. விழுங்கிவிட்டேன். அவள் என் மடியில் தலையை வைத்து அழுதாள், நானும் அழுதேன். மதலேனாள் போனபிறகு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

போன வாரம் உத்தரவு வந்தது. நான் பாங்குக்குள் வந்தபிறகு போன ஆறு லட்சத்தையும் பாங்கு கொடுக்க வேண்டும். நேற்றுப் போனேன். புது மேனேஜர், என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். ஒரு படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்துக் கொடுத்தார். "மேற்படித் தொகையைப் பெற்றுக்கொண்டேன். இது தொடர்பாக வங்கியின்மீது எனக்கு இனி எவ்விதக் குறையும் இல்லை."

நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குக் கீழே எழுதினேன்: "குறை உண்டு. கணக்கை நிறுத்தச் சொல்லி உங்களிடம் வந்தேன். நிறுத்த அதிகாரம் இல்லாத ஒரு பெண்ணை மட்டும் உட்கார வைத்திருந்தீர்கள். அவளையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். என் மனைவி மதலேனாள் இறந்துபோனாள்."

மேனேஜர் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. "இப்படி எழுதினா பணத்த விட மாட்டாக ஐயா. மேல இருந்து திருப்பி அனுப்பிருவாக. இன்னொரு ஃபாரம் தர்றேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அந்தப் பணம் எதற்கு? சுருளிராஜனுக்கு மாடு வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் வெளியே நாற்காலியில் ஷெரின் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தாள். அவள் வேலை பார்த்த கவுண்டரில் வேறு ஒரு பெண் இருந்தாள், ஷெரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கு யார் அரிசி போடுவது? இரண்டாவது படிவத்தை வாங்கி, குறி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மதலேனாள் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று என் கையெழுத்தில் அங்கே இருக்கிறது, தங்கச்சி. என் வாழ்நாளில் நான் எழுதிக் கொடுத்த ஒரே பொய் அதுதான். வருகிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். இதைச் சொல்லமாட்டேன். இது என் குற்றம் இல்லை.

அண்ணன்
அமிர்தராஜ்